ஆணியில் ஒன்றும் தொங்காத கதவு

ஜனவரி 4, சனி

இந்த வருஷத்து டைரி இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. அட்டை தலைகீழாக ஒட்டிப்போன டைரிகளைக் கடைக்கு அனுப்ப முடியாது. பைண்டிங்கில் வேலை பார்க்கும் எங்களிடம் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் எனக்குக் கிடைத்ததில் ஆகஸ்ட் மாதம் இரண்டு தடவை வந்தது. அதற்கு இது தேவலை.

காலையில் வழக்கம்போல என் வீட்டுக்காரருக்குப் பல் விளக்கி, குளிக்க வைத்து, கைகளுக்கு எண்ணெய் தடவி, சட்டை மாட்டி, இட்லி ஊட்டிவிட்டு பிரஸ் வேனைப் பிடித்தேன். சாயங்காலம் வந்து இறங்கினால் தெரு முனையில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். காதில் கம்மல் இல்லை. பெயர் தாரிணி, சென்னையிலிருந்து வருகிறேன் என்றாள். பயராபீஸில், அதுதான் பட்டாசு ஆலையில், நடந்த விபத்தில் இறந்தவர்களின் வீடுகள் எது எது என்று விசாரித்தாள்.

வெயிலில் நின்றிருக்கிறாளே என்று வீட்டுக்குக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். இவரும் அன்றைக்கு அந்த ரூமில்தான் பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார் என்று சொன்னேன். அவள் எட்டிப் பார்த்தாள். இவர் டிவி முன்னால், மடியில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வணக்கம் வைத்தாள். இவர் தலையை மட்டும் ஆட்டினார். "நல்லவேளை, பொழச்சுட்டாங்க" என்றாள். உடனே சண்முகக்கனி அவர்களின் வீடு எது என்று கேட்டாள்.

இரண்டு வீடு தள்ளி என்று கை காட்டினேன். டம்ளரில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஜனவரி 6, திங்கள்

விஷயம் என்னவென்று கனியக்காவே குழாயடியில் சொன்னாள். கனியக்காவின் வீட்டுக்காரர் குருசாமி அண்ணனும் இவரும் ஒரே ரூம். ஒரே சைக்கிளில் வேலைக்குப் போவார்கள். நாலு வருஷத்துக்கு முந்தி நடந்த அந்த வெடியில் எட்டுப் பேர் போனார்கள். குருசாமி அண்ணன் போனார். இவர் இருக்கிறார். இரண்டு கையிலும் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுருங்கிய தோலுக்குள் இருக்கின்றன.

அந்தப் பெண் ரோட்டோரத்துப் பழைய தீப்பெட்டிக் குடோனை வாடகைக்குப் பிடித்திருக்கிறாளாம். படம் வரையப் போகிறாளா என்று கேட்டேன். படமும் இல்லை, சிலையும் இல்லை, ஒரு இடத்தையே அந்த நினைப்பு வருகிற மாதிரி ஆக்குவாளாம், ஆட்கள் உள்ளே போய் நடக்க வேண்டுமாம். அதற்கு இன்ஸ்டலேஷன் என்று பெயராம். கனியக்கா அந்த வார்த்தையை நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இறந்தவர்களின் சாமான் ஒவ்வொன்று வாங்குகிறாள். அவர்களைப் பற்றி வீட்டு ஆட்கள் பேசுவதைப் பதிவு செய்கிறாள்.

கனியக்கா மூக்குக் கண்ணாடியைக் கொடுத்திருக்கிறாள். விபத்துக்கு முந்தின வாரம் குருசாமி அண்ணன் கண்ணாடிக்கு அளவு கொடுத்திருந்தார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர் போன் செய்து, கண்ணாடி தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அக்காதான் போய் வாங்கி வந்தாள். ஒரு நாளும் யாரும் போடாத கண்ணாடி. அந்தப் பெண் அதைக் கையில் வாங்கி அழுதுவிட்டாளாம்.

அப்படிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. என்னிடம் ஆளே இருக்கிறார்.

ஜனவரி 9, வியாழன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு குடோனுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் இவருக்கு முதல் வருஷம் கொடுத்த கையுறைகளை எடுத்துப் போயிருந்தேன். தழும்பு தடித்துவிடாமல் இருக்க இரவும் பகலும் இறுக்கமாகப் போட்டிருக்க வேண்டும். விரல் நுனிகள் தேய்ந்து நூல் பிரிந்து கிடக்கும். அவற்றைப் போட்டுவிடும்போதெல்லாம் இவர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

தாரிணி அவற்றை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். அந்தக் கண்ணாடிக்கு அழுதவள் இதற்கும் அழுவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அழவில்லை. மடித்து என் கையிலேயே கொடுத்தாள்.

"அண்ணன்தான் இருக்காங்களேக்கா. இது இல்லாமப் போனவங்களுக்கு. தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க உங்ககூட இருக்காங்கங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. எல்லோரும் சொல்வதுதானே. நாலு வருஷமாகப் பார்க்கிறவர்கள் எல்லாரும் "நீ குடுத்து வச்சவ" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள். என் அம்மா சொன்னாள். கனியக்காவே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதைக் கேட்ட பிறகு அழுதால் நன்றாகவா இருக்கும்? நான் அழுததில்லை.

கையுறைகளைப் பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தேன். பரணில் அந்தக் கரண்டி கிடைத்தது. பிடி தடிமனாக, கழுத்து வளைத்துச் செய்தது. கைப்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அவரே சாப்பிடட்டும், அவரே செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தக் கரண்டியில் சாப்பிட்டால் பாதிச் சோறு கீழே. பார்க்கவே சகிக்காது. நான் ஊட்டினால் ஒரு பருக்கை சிந்தாது.

திருப்பிப் பரணிலேயே போட்டேன். இவர் பார்த்தார். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தாரிணி கனியக்கா வீட்டில் சாப்பிட்டாள். எங்கள் வீட்டுக்குக் கரும்புத் துண்டு கொடுத்தனுப்பினாள் அக்கா. நான் வாங்கவில்லை, இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

நான் பிரஸ்ஸில் இருந்தபோது தாரிணி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். மகள் மது சொல்லித்தான் தெரியும். மது எட்டாவது படிக்கிறாள், எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை.

பயராபீஸ் ரூமுக்கு எத்தனை கதவு, எந்தப் பக்கம் திறக்கும், அன்றைக்கு எந்தக் கதவை மறித்து அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள் என்று கேட்டாளாம். இவர் கோலமாவைத் தரையில் கொட்டச் சொல்லி, கால் கட்டைவிரலால் வரைந்து காட்டினாராம். ரொம்ப நேரம் பேசினாராம்.

"அப்பா சிரிச்சாங்கம்மா" என்றாள் மது. குருசாமி பெரியப்பா மருந்து அளக்கும்போது விசிலடிப்பது பற்றிச் சொன்னாராம், அப்போது சிரித்தாராம்.

என்னிடம் இவர் ஒரு நாளைக்கு என்ன பேசுகிறார் என்று யோசித்துப் பார்த்தேன். போதும். சூடா இருக்கு. மது வந்துட்டாளா. மாத்திரை.

விசில் விஷயம் எனக்குத் தெரியாது.

ஜனவரி 20, திங்கள்

இவர் குடோனுக்குப் போயிருக்கிறார். நடந்து. பகலில். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர நாலு வருஷமாக வாசல் தாண்டாதவர். பிள்ளைகள் கையைப் பார்த்துப் பயப்படும் என்று கோயில் கொடைத் திருவிழாவுக்குக்கூட வராதவர். கனியக்கா கூட்டிக்கொண்டு போனாளாம். பெட்டிக்கடைக்காரர் வேண்டுமென்றே என்னிடம் சொன்னார், மதினியும் கொழுந்தனும் பேசிக்கிட்டே போனாங்க என்று. இவர் அவளை மதினி என்றுதான் கூப்பிடுவார். முன்னால் எல்லாம் இரண்டு பேரும் கேலி பேசுவதை நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். சாயங்காலம் வந்து பார்த்தால் இவர் நீல முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார். காலையில் நான் மாட்டிவிட்டது வெள்ளை அரைக்கை. நீலச் சட்டைக்கு மணிக்கட்டில்கூட பட்டன் போட்டிருந்தது. நான் அந்தப் பட்டனைப் போடுவதே இல்லை, தோலில் உரசும் என்று. யாரோ மெனக்கெட்டுப் போட்டிருக்கிறார்கள்.

யார் போட்டுவிட்டது என்று கேட்டேன்.

"ஆரோ போட்டாங்க. விடு" என்றார்.

சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் எறிந்தேன். அதை அவர் பார்த்திருப்பார்.

ஜனவரி 22, புதன்

இன்றைக்குத் தண்ணீர் முறை. குழாயடியில் பத்துப் பேராவது இருந்திருப்பார்கள். எனக்கு முன்னால் கனியக்கா. அவள் திரும்பி, நாளைக்கும் உன் வீட்டுக்காரர் காளிராஜை குடோனுக்குக் கூட்டிப் போகட்டுமா, கதவு நிறுத்துகிற இடத்தைக் காட்டணுமாம் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"ஓங்க புருஷன் போயிட்டாருன்னா, சட்டை மாட்டிவிட என் புருஷன்தான் கெடைச்சாராக்கா?" என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டது.

அவள் முகம் எப்படி ஆனது என்று பார்க்கவில்லை. குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்ததும் அவள் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"ஓங்கொடத்த வையி. அடுத்தவங்க நிக்கிறாங்க."

அவ்வளவுதான். போய்விட்டாள். அவளால் மறுக்க முடியவில்லை என்பதிலிருந்தே தெரியவில்லையா? நான் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஜனவரி 23, வியாழன்

இவர் குடோனுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. தலைவலி என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

பேப்பரில் வந்துவிட்டது. மது பெட்டிக்கடையிலிருந்து ஓடி வந்து காட்டினாள். கால் பக்கத்துக்குச் செய்தி, கனியக்காவின் படம். கண்ணாடியைக் கையில் ஏந்திக்கொண்டு பச்சைச் சேலையில் நிற்கிறாள். அந்தச் சேலை நான் எடுத்துக் கொடுத்தது. குருசாமி அண்ணன் இறந்த வருஷம், தீபாவளிக்கு அவள் எதுவும் எடுக்க மாட்டாள் என்று தெரிந்து, என் போனஸில் ஒரே மாதிரி இரண்டு எடுத்தேன். படத்துக்குக் கீழே, கணவரை இழந்த சண்முகக்கனி.

கடைசிப் பத்தியில் ஒரு வரி. 'விபத்தில் உயிர் தப்பிய ஒருவரும் இப்பணியில் உதவி வருகிறார்.' ஒருவர். ஏதோ கள்ளத்தனமாகத் தப்பி ஓடியவர் மாதிரி. அந்த ஒருவரைக் குளிப்பாட்டுவது யார் என்று பேப்பர்க்காரனுக்கு என்ன தெரியும்.

ஒன்றை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். கனியக்கா அழுதால் ஊர் அழுகிறது. அரசாங்கம் வந்து பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. வருஷம் திரும்பினால் மாலை போட வருகிறார்கள். அவளுடைய துக்கத்துக்கு ஒரு தேதி இருக்கிறது. அன்றைக்கு ஆரம்பித்து, அன்றைக்கே முடிந்தது. எனக்கு எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று சொல்லட்டும். எப்போது முடியும் என்று யாராவது சொல்லட்டும்.

எழுதிய பிறகு இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழித்தால் பின்பக்கம் ஜூன் மாதத்தில் ஒரு தாள் கழன்று வரும். எங்கள் தையல் அப்படி. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 30, வியாழன்

கண்காட்சி அழைப்பிதழ் எங்கள் பிரஸ்ஸுக்கே அச்சுக்கு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திறப்பு. எட்டுப் பேரின் பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. இன்று முழுக்க அதைத்தான் மடித்தேன். குருசாமி என்ற பெயருக்கு மேலே மடிப்பு விழுந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, அளவு அப்படி.

பிப்ரவரி 2, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். இவர் நீலச் சட்டையை மாட்டிவிடச் சொன்னார். மாட்டிவிட்டேன். "நீ வரணும்" என்றார். இவர் என்னிடம் எதையாவது வேண்டும் என்று கேட்டே எவ்வளவோ காலமாகிவிட்டது. போனேன்.

குடோனுக்குள் வெளிச்சம் குறைவு. தரை முழுக்க வெடித்த பட்டாசுக் காகிதம். கணுக்கால் வரை. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடக்குமே, அதே சிவப்பு, அதே வாசனை. நடந்தால் சரசரவென்று காலோடு வருகிறது. நடுவில் கதவுகள். சுவர் கிடையாது, நிலையோடு கதவு மட்டும் தனித்தனியாக நிற்கிறது. எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை, பயராபீஸ் ரூம் கதவுகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் ஓர் ஆணி, ஆணியில் ஒரு சாமான். ஒரு தூக்குவாளி. ஒரு பிள்ளையின் கொலுசு, அதன் அம்மா வேலைக்குப் போகும்போது ரிப்பேருக்குக் கொடுக்கக் கொண்டுபோனது. கதவைத் திறந்தால் அந்த வீட்டு ஆட்களின் குரல் கேட்கிறது. மூடினால் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை, வெறும் இருட்டு.

எங்கள் பிரஸ் முதலாளி வந்திருந்தார். மதுரையிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்திருந்தார்கள். காகிதச் சத்தம் மட்டும்தான்.

கனியக்காவின் கதவைத் திறந்தேன். அழுகையாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. கண்ணாடிக் கதையைக் கணக்காகச் சொல்கிறாள், கடைசியில், "எடுத்துட்டுப் போயிருங்கம்மா. திருப்பித் தர வேண்டாம். வீட்டுல வச்சு என்னால அதப் பாக்க முடியல" என்கிறாள். அது எனக்கு என்னவோபோல் இருந்தது. பெருமைக்குக் கொடுத்தாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

திரும்பும்போதுதான் பார்த்தேன். சுவரோரத்தில் இன்னொரு கதவு. அழைப்பிதழில் இல்லாதது. அதிலும் ஆணி இருந்தது. ஆணியில் ஒன்றும் இல்லை.

திறந்தேன். இவர் குரல்.

"எம் பேரு காளிராஜ். செத்தவங்கள்ல நான் இல்ல. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. சத்தம் கேட்டுச்சு, வெளிய கெடந்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்குப் பெறகு நடந்தத யாரும் கேக்கல. என் வீட்டுக்காரிதான் எனக்கு எல்லாம். பல்லு வெளக்குவா, சோறு ஊட்டுவா, சட்டை போட்டு விடுவா. முத வருசம் எனக்கு ஒண்ணும் முடியல. அடுத்த வருசம் கட்டவெரலு கொஞ்சம் மடங்குச்சு. அவ வேலைக்குப் போன பெறகு பழகுனேன். பட்டன் போட கம்பியில ஒரு கொக்கி வளைச்சு வச்சிருக்கேன். இப்ப சட்டை நானே போட்டுக்கிருவேன். அவ வர்ற நேரத்துக்குக் கழட்டிருவேன்.

ஏன்னா, அவ அதப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறா. எனக்குக் கை போச்சு. எல்லாருக்கும் தெரியுது. அவளுக்கு என்ன போச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. ஒம் புருஷன் பொழச்சான்ல, நீ குடுத்து வச்சவன்னு சொல்லிச் சொல்லியே அவ வாய அடச்சுட்டாங்க. அவ அழுது நான் பாத்ததே இல்ல. நான் சட்டை போட்டுக்கிட்டேன்னா அவளுக்கு அதுவும் இல்லாமப் போயிரும். அதான் கையத் தூக்காம உக்காந்திருக்கேன். ஆனா உக்காந்து உக்காந்து, நானும் அவங்களோடவே போயிட்ட மாதிரி இருக்கு. இத வீட்டுல வச்சு என்னால சொல்ல முடியல. இங்க சொல்லிட்டேன். அவ வருவா. கேப்பா."

கதவை மூடினேன். திறந்தேன். முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடியும் மூடினேன், திறந்தேன். பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்காரி நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. பின்னால் நின்ற ஒருவர், கொஞ்சம் வழி விடுங்கம்மா, நாங்களும் கேட்கணும் என்றார்.

வழி விட்டேன். வேறு என்ன செய்ய.

பிப்ரவரி 3, திங்கள்

தாரிணிக்கு இது தெரிந்திருக்கிறது. கனியக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்த நீலச் சட்டையை இவரே போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறாள். நேரமாகிவிட்டதால்தான் அன்றைக்கு இவர் கழற்றாமல் இருந்திருக்கிறார். குழாயடியில் அதைச் சொல்லியிருக்கலாம் இல்லையா? ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் தெரு முன்னால் நான்தான் அசிங்கப்பட்டிருப்பேன். எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும் என்று ஆகியிருக்கும்.

பிரஸ்ஸில் பக்கங்களை மாற்றி அடுக்கிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இவருக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. நேற்றும் செய்யவில்லை. டீயை முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு மணிக்கட்டாலும் டம்ளரைப் பிடித்துத் தூக்கினார். பாதி கொட்டியது. காலால் துணியை இழுத்துத் துடைத்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

மதுவை டியூஷனுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன். ஊர் உலகத்துக்கெல்லாம் கேட்கும்படி சொன்னீர்களே, என்னிடம் சொல்ல என்ன என்று கேட்டேன். அந்தச் சென்னைக்காரி யார், மதினி யார், அவர்களுக்கு முன்னால் நான் ஏன் கடைசி என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். எழுத முடியாத வார்த்தைகள்.

கடைசியில் அதுவும் வாயிலிருந்து வந்துவிட்டது.

"குருசாமி அண்ணன் மாதிரி நீங்களும் போயிருந்தா, என்னையும் ஒரு மனுஷின்னு நாலு பேரு வந்து கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். நெறைய நாளு நெனச்சேன்."

தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"நானும் அதத்தான நெனச்சுக்கிட்டு இருந்தேன், கொடி."

என்னை அந்தப் பெயர் சொல்லி இவர் கூப்பிட்டு ரொம்பக் காலம். அப்புறம் நான் அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையை என் முதுகில் வைத்தார். அந்தக் கை என் மேல் படுவது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. நான்தான் அதைத் தொடுவேன், துடைப்பேன், எண்ணெய் தடவுவேன். அது என்னைத் தொட்டதில்லை. கரடுமுரடாக, கனமாக, சூடாக இருந்தது.

மது வந்து கதவைத் தட்டும்வரை அப்படியே இருந்தோம். உலையில் அரிசி போடவில்லை. கடையில் புரோட்டா வாங்கினோம்.

பிப்ரவரி 10, திங்கள்

கண்காட்சி முடிந்துவிட்டது. கதவுகளை மரக்கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். காகிதத்தை லாரியில் அள்ளினார்கள். தாரிணி சொல்லிக்கொள்ள வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்து பேசினாள். என் குரலையும் பதிவு செய்யட்டுமா, அடுத்த ஊரில் வைக்கும்போது சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன். வேண்டாம் என்று சொன்னேன். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. ஆனால் டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கனியக்கா திருப்பூருக்குப் போகிறாள். தங்கச்சி வீட்டில் இருந்துகொண்டு பனியன் கம்பெனிக்குப் போகப் போகிறாளாம். வீட்டைக் காலி செய்கிறாள் என்று தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை. குழாயடிப் பேச்சுக்குப் பிறகு யார் சொல்வார்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு நான் பேசியது தப்பு என்றேன். நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. எப்படியோ சொல்லிவிட்டேன்.

டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"முழுசும் தப்புன்னு சொல்லாத" என்றாள். "சட்டை மாட்டி விடலதான். ஆனா அவரு பேசயில எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நடந்து வர்ற மாதிரி இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு. அதுக்காகத்தான் கூடவே நடந்தேன். ஒனக்கு எரிஞ்சிருக்கும். எரியத்தான் செய்யும்."

பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

திரும்பி நடக்கும்போது நினைத்துப் பார்த்தேன். இப்போதும் பொறாமைதான். ஒரு பெட்டியோடு, ஒருத்தரிடமும் கேட்காமல், ஜன்னலோரத்து சீட்டில் உட்கார்ந்து போய்விட்டாள். எனக்கு அப்படி ஒரு நாள் வாய்க்காது. இந்தப் பொறாமை போகிற சாதி இல்லை போல. இருக்கட்டும். குழாயடியில் அவள் இல்லாமல் எப்படி நிற்கப் போகிறேன் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஆர்டர் குறைவு என்று பிரஸ்ஸில் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது.

நாலு வருஷத்தில் நான் வேலைக்கு வீட்டுச் சாவி கொண்டுபோனதே இல்லை. எப்போதும் இவர் உள்ளே இருப்பார், கதவு சாத்தி மட்டும் இருக்கும். பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். சரியாகப் பூட்டியிருந்தது. இவரால் பூட்ட முடியும் என்பதே எனக்குத் தெரியாது. எங்கே போனார், யாரோடு போனார், எப்போது போனார், ஒன்றும் தெரியாது. போனை எடுக்கவில்லை. கோபமாக வந்தது. என்னிடம் சொல்லாமல் எங்கே போவார்? அப்படிச் சொல்லாமல் தேடிப் போகும்படி யார் இருக்கிறார்கள்? வாசல் படியில் உட்கார்ந்தேன்.

எதிர்வீட்டுப் பெண் ரேஷன் கடைக்குப் போகிறவள் நின்று, என்னக்கா வெளியே உட்கார்ந்திருக்கீங்க என்றாள்.

"அவரு வெளிய போயிருக்காரு" என்றேன்.

அவள் வித்தியாசமாக ஒன்றும் பார்க்கவில்லை. சரிக்கா என்று போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தபால்காரர் வந்தார். அவரிடமும் சொன்னேன். வெளியே போயிருக்கிறார். தெருவில் எந்தப் பெண்ணும் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற பேச்சுதான். என் வாயிலிருந்து வந்து எவ்வளவு காலம் ஆயிற்று.

பிறகு கோழி விற்கிறவர் சைக்கிளை நிறுத்தி, வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டார். அவருக்கு நான் அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அவரு வெளிய போயிருக்காரு. எப்ப வருவாருன்னு தெரியாது."